மாசிக் கருவாடு வந்த கடல்

இன்று சம்பலுக்காக மாசிக் கருவாட்டை உரலிலிட்டு இடித்தபோது, கட்டைபோல் இறுகிய அந்தத் துண்டு வந்த மாலத்தீவுக் கடலை நினைத்துக்கொண்டேன். மாசியாக மாறும் சூரை மீனை அங்கே வலையால் வளைப்பதில்லை. தோணியின் பின்புறத்தில் வரிசையாக நிற்கும் மீனவர்கள் உயிருள்ள சிறுமீன்களை இரையாக வீசி, நீரைத் தெளித்து, சிறுமீன் கூட்டம் துள்ளுவதுபோல் கடற்பரப்பைக் கலக்கி, எதிர்முள் இல்லாத தூண்டிலால் சூரையை ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். மேலே வந்த மீன் தானாகவே நழுவித் தளத்தில் விழுந்துவிடும். ஆமையோ சுறாவோ இதில் சிக்குவது மிக அரிது.

2010இல் சுறாப் பிடிப்பை அந்நாடு முழுவதுமாகத் தடைசெய்தது. 2011இல் பா பவளத்தீவுக் கூட்டம் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. அங்குள்ள ஹனிஃபாரு குடாவில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொம்புத் திருக்கைகள் மிதவையுயிரிகளை உண்ணத் திரள்கின்றன.

எனக்குள்ள கவலை இரைமீனைப் பற்றியது. சூரை ஆழ்கடலில் திரிந்தாலும், அதற்கு வீசும் சிறுமீன்களில் பெரும்பகுதி பவளப்பாறைகளை ஒட்டியே பிடிக்கப்படுகிறது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி வெளிறிப்போனவை அதே பாறைகள்தாம். அவற்றைக் காப்பதைச் சுற்றுலாவுக்கான ஏற்பாடாக மட்டும் பார்ப்பது பெருந்தவறு என்றே கருதுகிறேன். பாறை நலிந்தால் தோணியின் இரைத்தொட்டிதான் முதலில் வெறுமையாகும்.