ராஞ்சியில் லூர்துசாமியைத் தேடி

முதலில் அந்த ஆட்டோ. ஜார்க்கண்டின் ராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து, பாதிரியார் ஸ்டேன் சாமியின் இல்லம் இருக்கும் நாம்கும் ஆறேழு கிலோமீட்டர்தான். வாசலிலேயே மடக்கியவர் 400 ரூபாய் என்றார். என் அரைகுறை இந்தியில் மன்றாடி 350-க்கு இறக்கினேன். ஜெயித்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு. திரும்பும்போது இரண்டு ஷேர் ஆட்டோ மாறி 40 ரூபாயில் வந்து சேர்ந்தேன். அந்த எரிச்சல் தீரவில்லை. பையைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் லால்குடிப் பக்கம். விரகாலூர் எங்களுக்குத் தூரமில்லை. அங்கே 1937-இல் பிறந்த ஸ்தனிஸ்லாஸ் லூர்துசாமிதான் பின்னாளில் ஸ்டேன் சாமி ஆன இயேசு சபைப் பாதிரியார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சிறையில் தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழல் கேட்டு அவர் நீதிமன்றத்தில் மனுப் போட்ட செய்தி வந்தபோதுதான் எனக்கு அந்தப் பெயரே தெரியும். பார்க்கின்சன் நோய், டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். 83 வயது. பதில் சொல்ல தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது.

அவர் 2006-இல் நாம்குமில் தொடங்கிய இல்லத்துக்குப் பெயர் பகைச்சா. தமிழில் எழுதினால் 'பகை' வந்து ஒட்டிக்கொள்கிறது, பொருள் என்னவோ தோட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே, ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய முண்டா பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் சிலை. நிலத்துக்காகவும் காட்டுக்காகவும் போராடி உயிரைவிட்ட ஆதிவாசிகளின் பெயர்கள் வெட்டிய கல். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் இந்தி வரும், ஆனாலும் நின்று வாசித்தேன். நம் ஊர் நடுகல்தான், வேறென்ன. முண்டா மக்களுக்கும் இறந்தவர்களுக்குக் கல் நாட்டுவது வழிவழி வந்த பழக்கம். அதே வழக்கத்தில்தான் குந்தி மாவட்டத்துக் கிராமங்கள் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணை பழங்குடிப் பகுதிகளுக்குத் தரும் உரிமைகளைப் பெரிய கற்களில் எழுதி ஊர் எல்லையில் நட்டன. பத்தல்கடி என்பார்கள். அதை ஆதரித்துப் பதிவு போட்டதற்காக 2018-இல் சாமி உட்பட 20 பேர் மீது தேசத்துரோக வழக்கு. சட்டத்தில் இருப்பதைக் கல்லில் எழுதினால் துரோகமாம்!

2018, 2019 என்று இரண்டு முறை இங்கே புனே போலீஸ் சோதனை போட்டது. 2018-இல் புனே அருகே நடந்த வன்முறைக்குப் பின்னால் மாவோயிஸ்ட் சதி இருப்பதாகச் சொன்ன பீமா கோரேகான் வழக்கு அது. 2020 அக்டோபர் 8 இரவு, அந்த வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை அவரை இங்கிருந்துதான் அழைத்துப் போனது. அதற்கு முன் அவர் செய்த வேலையைப் பார்த்தால் காரணம் எனக்கு விளங்கிவிடுகிறது. நக்சல் என்று முத்திரை குத்தி அடைக்கப்பட்ட விசாரணைக் கைதிகளில் 102 பேரிடம் பேசி, ஓர் ஆய்வைப் பகைச்சா வெளியிட்டது. அப்படிச் சிறையில் கிடந்தவர்களுக்காக உயர் நீதிமன்றத்துக்கும் போனார். கடைசியில் அவரே விசாரணைக் கைதியாக, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5 அன்று மும்பையில் இறந்துபோனார். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை.

அப்புறம் பசி. சாலையோரக் கடையில் துஸ்கா. அரிசியும் கடலைப் பருப்பும் அரைத்துப் பொரித்தது, நம் அடையையும் பூரியையும் கல்யாணம் செய்துவைத்த மாதிரி. உருளைக்கிழங்குக் குழம்போடு நான்கு தின்றேன், 40 ரூபாய். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்குக் குறைவில்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான். மழைக்காலத்தில் மட்டும் சால் மரத்தடியில் முளைக்கும் ருக்ரா காளானும் சந்தையில் இருந்தது. சின்னச் சின்ன உருண்டைகள். விலை கேட்டேன், ஆட்டுக்கறியை ஞாபகப்படுத்தியது. பையை மூடிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் பழைய ராஞ்சிச் சிறை. 1900 ஜூன் 9 அன்று பிர்சா முண்டா இறந்தது இங்கேதான். அவரும் விசாரணை முடியாத கைதி. இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. இப்போது அது அருங்காட்சியகம், புல்வெளியும் பெரிய சிலையுமாக அழகாக வைத்திருக்கிறார்கள். திறந்தது 2021 நவம்பரில். சாமி இறந்து நான்கே மாதம். எனக்கு அங்கே செல்ஃபி எடுக்க மனம் வரவில்லை, சுற்றிலும் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குந்திக்கும் போகத்தான் நினைத்தேன். கையில் காசு இல்லை. அந்த 350 இருந்திருந்தால்... சரி, விடுங்கள்.

திரும்ப தன்பாத்–ஆலப்புழா ரயில். ஸ்லீப்பர் பெட்டியில் பாதிப் பேர் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். எதிர் இருக்கையில் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருந்த பெரியவர், காட்பாடியில் ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்றார். ஆட்டோ பக்கமே போகாதீங்க சாச்சா, வெளியே டவுன் பஸ் நிற்கும் என்று மூன்று முறை சொன்னேன்.