புனைபெயருக்கு அத்தாட்சி

பாரிசில் அகதி வழக்குப் போட்டவர்களுக்கு நடைமுறை தெரியும். விண்ணப்பம், நேர்காணல், நிராகரிப்பு, மேன்முறையீடு. அதை விளக்கப்போவதில்லை. நாங்கள் எங்கே விழுந்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். ஊரில் பத்திரிகையில் எழுதிவிட்டு ஓடிவந்தவர்களின் மனைவிமார் கட்டாயம் வாசியுங்கள்.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் எழுதியவர். எல்லாம் புனைபெயரில். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துதான் அங்கே உயிர் தப்பினார். இங்கே அதுவே வினையாகப் போய்விட்டது.

விண்ணப்பம் கொடுக்க 21 நாள்தான் அவகாசம், அதுவும் பிரெஞ்சில். இவர் 14 பக்கம் எழுதிக் கொடுத்தார். மொழிபெயர்த்தவர் காசை முழுதாக வாங்கிக்கொண்டு மூன்று பக்கமாகச் சுருக்கிவிட்டார். நாங்களும் நம்பிக் கையெழுத்து வைத்தோம். இவரைப் பிடித்துக்கொண்டு போனது பங்குனியில். எங்கள் ஊரில் பங்குனி என்றால் மார்ச். தாளில் ஏப்ரல் என்று இருந்தது. நேர்காணலில் இவர் மார்ச் என்றார், அவ்வளவுதான். தயவுசெய்து மாதத்தை இலக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்ப்பை வேறொருவரிடம் கொடுத்து ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நிராகரிப்புக் கடிதம் பதிவுத்தபாலில் தெரிந்த ஒருவரின் முகவரிக்கு வந்தது. தபால்காரர் வைத்துவிட்டுப் போன துண்டை அவர் எங்களிடம் உடனே தரவில்லை. கையில் கிடைத்து நாங்கள் தபால் கந்தோருக்கு ஓடியபோது 15 நாள் கடந்து கடிதம் திரும்பிப் போய்விட்டது. மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம். கடிதத்தை எடுக்காமல் விட்டால் அந்த மாதம் தபால்காரர் முதல் வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி முடித்தபோது எங்களிடம் 9 நாள் மிச்சம்.

2009ஆம் ஆண்டின் தொடக்கம் அது. ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி விழுந்த பிறகு வன்னியில் இருந்த அம்மாவிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் ஒரு போன் இல்லை. ஒருநாள் இரவு வேலையால் வந்தேன். இவருடைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் கறுப்புக் குப்பைப் பைக்குள் கட்டியபடி வாசலில் கிடந்தன. “இனி என்னத்துக்கு? இரண்டு பேருமாகப் போய்ச் சேருவம்” என்றார். எனக்குள்ளும் அதே நினைப்பு ஓடிக்கொண்டிருந்ததால்தான் நான் நடுங்கிப்போனேன். “இஞ்சாருங்கோ, முதலில் அப்பீலைப் போடுவம்” என்று மட்டும் சொன்னேன். விடியும்வரை இரண்டு பேரும் படுக்கவில்லை. காலையில் தெரிந்த அக்கா ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்தான் இவரை மருத்துவரிடம் கூட்டிப்போனார். இப்படி நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

மேன்முறையீட்டை நீட்டி எழுத நேரமில்லை. காரணங்களைச் சுருக்கமாக எழுதி, நிராகரிப்பின் பிரதியை இணைத்து, பதிவுத்தபாலில் அனுப்பினோம். மேலதிக விளக்கமும் ஆதாரமும் பிறகு அனுப்பலாம். இது தெரியாமல் எத்தனையோ பேர் நாளைத் தவறவிடுகிறார்கள்.

சரி, ஆதாரம்? எங்களிடம் இருந்த வெட்டுத்துண்டுகளில் பத்திரிகையின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. கட்டுரையை மட்டும் வெட்டி வைக்காதீர்கள், முழுப் பக்கத்தையும் வையுங்கள். இவர்தான் அந்தப் புனைபெயர்க்காரர் என்பதற்கும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் மச்சாள் வீட்டில் நான் விட்டுவந்த பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. அதற்குள் சன்மானச் சிட்டை ஒன்று, கட்டுரைக்குக் காசு வாங்கியதற்கான பற்றுச்சீட்டு. 350 ரூபாய். புனைபெயர் எழுதி, கீழே சொந்தப் பெயரில் கையெழுத்து. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை பூட்டிக் கிடந்த காலம். பலாலியிலிருந்து விமானத்தில் கொழும்புக்குப் போன ஒருவர் அதைக் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்பினார். வந்து சேர்ந்தபோது ஊசி குத்திய இடத்தில் துரு படிந்திருந்தது, நீலக் கார்பன் எழுத்து பாதி மங்கியிருந்தது. ஆனால் இரண்டு பெயரும் தெரிந்தன.

மே 18க்குப் பிறகு அம்மா மெனிக் பாம் முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது.

டிசம்பரில், பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள மொந்த்ரோயில் மேன்முறையீட்டு விசாரணை. மூன்று நீதிபதிகள். அதில் ஒருவர் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பேரில் வருபவர், அகதிகளின் நாட்டு நிலைமை தெரிந்தவர். தலைமை நீதிபதி சிட்டையைக் கையில் எடுத்து, “இந்த 350 ரூபாய் எதற்கு?” என்று கேட்டார். இவர் அந்தக் கட்டுரையை வரிவரியாக ஞாபகத்திலிருந்து சொன்னார். யாரும் இடையில் நிறுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து நீதிமன்றச் சுவரில் முடிவுகளின் பட்டியல் ஒட்டினார்கள். ஏற்கப்பட்டவற்றில் இவருடைய இலக்கமும் இருந்தது, என்னுடையதும் இருந்தது. இவர் நம்பவில்லை. ஒவ்வொரு இலக்கமாக என்னை வாசிக்கச் சொன்னார். மூன்று தரம் வாசித்தேன்.