தண்ணியில்லாக் காட்டில் டிஸ்கஸ்

ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான எங்கள் மண்டபத்தில் டிஸ்கஸ் மீன் வளர்த்துக் குஞ்சு எடுக்கப் போகிறேன் என்றதும் மீன் கடைக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணே, நம்ம ஊருத் தண்ணியில சோப்பே நுரைக்காது" என்றார். அவர் சொன்னது சரிதான். டிஸ்கஸ் அமேசான் ஆற்று மீன். உப்பும் சுண்ணாம்பும் இல்லாத, லேசான அமிலத் தன்மையுள்ள வெதுவெதுப்பான தண்ணீர் அதற்கு வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவி) விட்டால் ஆயிரத்தைத் தாண்டித்தான் நிற்கும். வளர்ந்த மீன் கடினத் தண்ணீரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். முட்டை பொறுக்காது, சரியாகக் கரு சேராமல் வெள்ளை பூத்துப் போகும்.

அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பினேன். முதல் மழைத் தண்ணீரைப் பிடிப்பதில்லை. மொட்டைமாடியில் படிந்திருக்கும் கடல் உப்பும் தூசியும் அதில்தான் கரைந்து வரும். அடுத்தடுத்த மழையை சின்டெக்ஸில் சேர்த்தேன். "குடிக்கிற தண்ணிய குடம் குடமாக் காசு குடுத்து வாங்குறோம், இவன் மீனுக்கு மழைத்தண்ணி பிடிக்கிறான்" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் மழைத் தண்ணீரும் ஆகாது. பிஎச்சை, அதாவது அமிலத் தன்மையைக் காட்டும் அளவை (7-க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும்), பிடித்து நிறுத்த அதில் ஒன்றும் இல்லை, திடீரென்று சரிந்துவிடும். கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து டிடிஎஸ் நூற்றைம்பதுக்குள்ளும் பிஎச் 6.5 பக்கத்திலும் வைத்துக்கொண்டேன்.

ஃபில்டர் விஷயத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஃபில்டர் என்றால் அழுக்கை அள்ளுவது என்று நினைப்பு. உண்மையில் வேலை செய்வது ஸ்பாஞ்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அதுதான். புது ஸ்பாஞ்சில் அது பெருக நாலைந்து வாரம் பிடிக்கும். குழாயில் வரும் குளோரின் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பளிச்சென்று கசக்கிக் கழுவினால் அத்தனை உழைப்பும் சாக்கடையில் போகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வாளியில் பிடித்து, அதில் இரண்டு பிழி பிழிந்தால் போதும். பழுப்பாகக் குழம்பு போல இறங்கும். தொட்டிக்கு இரண்டு ஸ்பாஞ்ச், ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது. பிஎச் 6-க்குக் கீழே போனால் இந்த பாக்டீரியாவும் சோம்பிவிடும் என்பதால் அமிலத்தையும் அளவோடு வைக்க வேண்டும்.

கரண்ட் போவது இங்கே சகஜம். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குக் காற்றுத் தள்ளும் ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். இல்லையென்றால் கரண்ட் போன நேரத்தில் குழாய் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் ஏறிவிடும். பேட்டரி பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். ஹீட்டர் எங்களுக்கு மழைக்கால இரவுகளில்தான் தேவைப்பட்டது, மற்ற நாளில் வெயிலே 29, 30 டிகிரியைப் பார்த்துக்கொள்ளும்.

குட்டிகளாக வாங்கி வளர்த்ததில் ஒரு ஜோடி தானாகச் சேர்ந்தது. கவிழ்த்து வைத்த மண் பூந்தொட்டியை இரண்டும் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன, அப்புறம் முட்டை. ஏறக்குறைய மூன்று நாளில் பொரித்தது. குஞ்சுகள் முதலில் பூந்தொட்டியிலேயே ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும். மேலும் இரண்டு மூன்று நாள் கழித்து நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பன் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தோலில் சுரக்கும் கோழைதான் அவற்றின் முதல் சாப்பாடு. ஒன்றின் மேல் மேய்ந்துகொண்டிருக்கும்போதே அது உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பும், கூட்டம் மொத்தமும் மற்றதற்குத் தாவும். இதைப் பார்க்க எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்காருவார்கள். குஞ்சுகள் பெற்றோரைத் தவறவிடாமல் இருக்க இரவிலும் சின்ன விளக்கு எரிந்தது, தண்ணீர் மட்டத்தையும் குறைத்திருந்தேன்.

நீந்தி நாலைந்து நாளில் ஆர்ட்டீமியா என்ற, உப்புத் தண்ணீரில் பொரிக்கும் பொடி இறாலைக் கொடுக்க ஆரம்பித்தேன். இந்த இடத்தில்தான் கடல் கை கொடுத்தது. ஆர்ட்டீமியா பொரிக்க மற்ற ஊர்களில் உப்பு வாங்கிக் கரைப்பார்கள். நான் ஒரு கேன் கடல் தண்ணீரை எடுத்துவந்து துணியில் வடிகட்டி, முட்டையைப் போட்டுக் காற்று விட்டேன். ஒரே நாளில் ஆரஞ்சு நிறத்தில் பொரித்து வந்தது. நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் குஞ்சுகளுக்கு ஊற்ற வேண்டும்.

இப்போது குஞ்சுகள் தனித் தொட்டியில். அடிக்கடி தீனி, தினமும் தண்ணீர் மாற்றல். சின்டெக்ஸில் இருப்பது மாசி வரை வந்தால் சரி, வராவிட்டால் ஆர்ஓ மெஷின் ஒன்று வாங்கியாக வேண்டும். விலை விசாரித்து வைத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.