அப்பா வாங்கிட்டு வந்த ஃப்ராக்கும் ரூட் டூவும்

ரெண்டு நாளா சரியா தூக்கம் இல்ல. ஃபிசிக்ஸ் செகண்ட் இன்டர்னல் எக்ஸாம் முடிஞ்சுருச்சு, குவாண்டம் ஓரளவுக்கு எழுதிட்டேன், சாலிட் ஸ்டேட் பாஸாயிரும், எலக்டிவா எடுத்த ஜெனரல் ரிலேட்டிவிட்டி, அதாவது ஐன்ஸ்டீனோட ஈர்ப்புக் கொள்கை, அந்தப் பேப்பர் மட்டும் மனச விட்டுப் போகவே மாட்டேங்குது. மார்க்குக்காக இல்ல, அதுல வந்த ஒரு கணக்குக்காக. யார்கிட்டயாவது அதப் பத்தி முழுசா பேசணும் போல இருக்கு, ரூம்மேட் தூங்கிட்டா, அதான் இங்க எழுதுறேன்.

கணக்கு இது தான். தன்னைத் தானே சுத்தாம நிக்கிற ஒரு பிளாக் ஹோல் (ஒளி கூட தப்ப முடியாத கருந்துளை), அதச் சுத்தி ஒரு கிரகம் வட்டப் பாதையில போகுது, அந்தக் கிரகத்துல இருக்கறவங்களுக்கும் ரொம்ப தூரத்துல இருக்கறவங்களுக்கும் நேரம் அதிகபட்சம் எத்தன மடங்கு மாறும்? ஈர்ப்பு அதிகமா இருக்கற இடத்துல நேரம் மெதுவா ஓடும், அதனால ரொம்ப கிட்டப் போனா இன்னும் மெதுவாகும்னு தான் முதல்ல தோணும், ஆனா ரொம்ப கிட்டப் போனா பாதை நிலைக்காது, லேசா ஒரு தட்டு தட்டுனா கூட உள்ள விழுந்துரும். நிலையா சுத்தணும்னா பிளாக் ஹோலோட ஆரத்த விட மூணு மடங்கு தள்ளியாவது இருக்கணும். அந்த இடத்துல சமன்பாட்டப் போட்டுப் பாத்தா விடை ரூட் டூ. 1.414. அங்க ஒரு மணி நேரம் போனா இங்க 1 மணி 25 நிமிஷம் போயிருக்கும், அவ்ளோ தான்.

நான் அந்த விடைய எழுதிட்டு பேனாவ கீழ வச்சுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டேன். ஏன்னா இன்டர்ஸ்டெல்லார்னு ஒரு இங்கிலீஷ் படம், பிள்ளைங்கள பூமியில விட்டுட்டு ஒரு அப்பா விண்வெளிக்குப் போற கதை, அதுல பிளாக் ஹோல் பக்கத்துல இருக்கற தண்ணிக் கிரகத்துல ஒரு மணி நேரம்னா பூமியில 7 வருஷம். வகுத்துப் பாத்தா சுமார் 61 ஆயிரம் மடங்கு. ரூட் டூ எங்க, 61 ஆயிரம் எங்க!

அப்பறம் தான் தேடிப் படிச்சேன். அந்த 7 வருஷம் வேணும்னு கேட்டது டைரக்டர் நோலன் தான், கதைக்கு அது வேணும், விட்டுத் தர முடியாதுன்னு சொல்லிருக்காரு. படத்துக்கு அறிவியல் ஆலோசகரா இருந்த கிப் தார்ன் முதல்ல இது நடக்காதுன்னு நெனச்சு, அப்பறம் கணக்குப் போட்டுப் பாத்தா நடக்கும்னு வந்துருக்கு. பிளாக் ஹோல் தன்னைத் தானே சுத்தணும், அதுவும் இயற்கை அனுமதிக்கிற உச்ச வேகத்துக்கு நூறு லட்சம் கோடியில ஒரு பங்கு மட்டும் கம்மியா சுத்தணும். அப்போ கிரகம் ரொம்ப கிட்டப் போயும் நிலையா நிக்கும். இந்த கிப் தார்னுக்குத் தான் 2017-ல ஈர்ப்பு அலைகளுக்காக நோபல் கிடைச்சது. ஒரு அப்பாவையும் மகளையும் 7 வருஷம் 7 வருஷமா பிரிக்கறதுக்காக அவ்ளோ பெரிய ஆள் உக்காந்து அவ்ளோ கணக்குப் போட்டுருக்காருன்னு நெனச்சப்போ எனக்கு என்னமோ பண்ணிருச்சு.

ஏன்னா எங்கப்பா தமாம்ல இருக்காரு. சவுதி. ஏசி மெக்கானிக்.

அவர் போனப்போ எனக்கு ஆறு வயசு, 2008. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவு, ரெண்டு மாசம். 2010, 12, 14, 16, 18-ன்னு வந்தாரு, 2020 ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டு வச்சிருந்தாரு, மார்ச்சுலயே ஃப்ளைட் எல்லாம் நின்னு போச்சு, அப்பறம் 2021-ல தான் வர முடிஞ்சது, அடுத்து 2023. மொத்தம் ஏழு தடவ. பதினாறு வருஷத்துல பதினாலு மாசம். இத நான் இதுக்கு முன்னாடி கூட்டிப் பாத்ததே இல்ல, அந்த இன்டர்னல் அன்னிக்கு மெஸ்ல சாப்புட்டுகிட்டே ஃபோன் கால்குலேட்டர்ல போட்டேன், போட்டதும் சோறு எறங்கல.

முதல் லீவுக்கு வந்தப்போ ஒரு ஃப்ராக் வாங்கிட்டு வந்தாரு. ரோஸ் கலர், இடுப்புல ரிப்பன்ல பெரிய பூ முடிச்சு வச்சது. தலைக்கு மேல போட்டா தோள்லயே நின்னுருச்சு, இறங்கவே இல்ல. எங்கப்பா மனசுல ஆறு வயசுப் பிள்ளைக்கு வாங்கிட்டு வந்துருக்காரு, வாசல்ல நின்னது எட்டு வயசுப் பிள்ளை. அம்மா "அதனால என்ன, சித்தி மகளுக்குக் குடுத்துரலாம்"னு சொன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல, அத மடிச்சு மடிச்சு திரும்ப கவருக்குள்ளயே வச்சாரு, அந்தக் கை இன்னிக்கும் என் கண்ணு முன்னாடி நிக்குது.

போன மாசம் எங்க டிபார்ட்மென்ட்ல செமினார் ஹால்ல புரொஜெக்டர் போட்டு இன்டர்ஸ்டெல்லார் ஓட்டுனாங்க. நான் ஏற்கனவே லேப்டாப்ல பாத்தது தான், இருந்தும் பெரிய ஸ்கிரீன்ல பாக்கணும்னு போனேன். தண்ணிக் கிரகத்துல மாட்டி நேரத்த இழந்துட்டு கப்பலுக்குத் திரும்பி வர்றாங்க, அங்க 23 வருஷம் 4 மாசம் 8 நாள் ஓடிருக்கு, அத்தன வருஷமா பிள்ளைங்க அனுப்புன வீடியோ மெசேஜ் எல்லாத்தையும் அந்த அப்பா ஒண்ணொண்ணா போட்டுப் பாக்குறாரு. ஹால்ல ஒரு சத்தம் இல்ல. நான் அழுதேன், பக்கத்துல உக்காந்திருந்தவன் கைய புடிச்சுகிட்டே அழுதேன். படம் முடிஞ்சதும் வெளிய வந்து பசங்க எல்லாம் கடைசில வர்ற அன்பு, அஞ்சாவது பரிமாணம் அதெல்லாம் லாஜிக்கே இல்லன்னு பேசிகிட்டு இருந்தாங்க. அது ஃபிசிக்ஸ் இல்லங்கறது சரி தான், அந்த வசனம் எனக்கும் தேவப்படல. அந்த மெசேஜ் சீன் மட்டும் முழுக்க முழுக்க உண்மை, அத உண்மையா ஆக்குறதுக்கு எந்தத் தத்துவமும் வேண்டாம், ரெண்டு கடிகாரம் போதும்.

எங்கப்பாவும் அப்படித் தான். சவுதியில அப்போ வாட்ஸ்அப் கால் எடுக்கல, அதனால ஆரம்பத்துல இமோ ஆப், அது அடிக்கடி கட் ஆகும், அப்பறம் வாய்ஸ் நோட் அனுப்ப ஆரம்பிச்சாரு. அங்க வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து குளிச்சுட்டுப் பேச உக்காந்தா இங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடிருக்கும், நான் பாதி நாள் தூங்கிருப்பேன். காலைல எந்திரிச்சு லேபுக்குப் போற வழியில ஹெட்செட்ல கேப்பேன். "பாப்பா, சாப்டியா, இங்க இன்னிக்கு ஒரே புழுதிக் காத்து." பின்னாடி ஃபேன் சத்தம், கூட இருக்கற அண்ணன் யாரோ பாத்திரம் தேய்க்கற சத்தம். என் ஃபோன்ல 2019-ல இருந்து எல்லாம் இருக்கு, ஒண்ணு கூட அழிக்கல, ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு வந்தா கூடப் படிக்கறவங்க ஃபோட்டோ எல்லாம் அழிப்பேன், அத தொட மாட்டேன்.

ட்வின் பாரடாக்ஸ் படிச்சப்போ எனக்குக் கோவமே வந்துச்சு. ரெட்டப் பிள்ளைங்கள்ல ஒருத்தர் ராக்கெட்ல ஒளியோட வேகத்துக்குக் கிட்டப் போயிட்டு திரும்பி வர்றாரு, வீட்ல இருந்தவரு கெழவனாயிட்டாரு, போனவரு இளமையா வர்றாரு. எங்க ஊர்ல இது தலைகீழ். போனவரு தான் சீக்கிரம் வயசாகி வர்றாரு. ஒவ்வொரு லீவுக்கும் ரெண்டு வருஷ நரை ஒரே நாள்ல ஏர்போர்ட் வாசல்ல வந்து நிக்கும். 2018-ல வந்தப்போ தலை பாதி வெள்ளை, 2021-ல முழுசா. கூடவே இருந்திருந்தா அது தெரிஞ்சிருக்காது, தினமும் கொஞ்சம் கொஞ்சமா மாறிருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டோம். அவருக்கும் நான் அப்படித் தான் தெரிஞ்சிருப்பேன், ஃப்ராக் பத்தாத பிள்ளையா, திடீர்னு தாவணி போட்ட பிள்ளையா, திடீர்னு மேப்ப விட வேகமா வழி சொல்ற பிள்ளையா.

மேப்புன்னதும் ஒண்ணு சொல்லணும். அப்பா கம்பெனி வேன்ல ஊர் ஊரா போய் ஏசி மாட்டுவாரு, எல்லாம் ஜிபிஎஸ் தான். அந்த சாட்டிலைட்ல இருக்கற கடிகாரம் தரையில இருக்கறத விட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செகண்ட் வேகமா ஓடும். ஈர்ப்பு கம்மியா இருக்கறதால 45 கூடும், வேகமா போறதால 7 குறையும், மிச்சம் 38. அத சரி பண்ணாம விட்டா ஒரே நாள்ல சுமார் 10 கிலோமீட்டர் தப்பா காட்டும். அப்பாகிட்ட வாய்ஸ் நோட்ல இத சொன்னப்போ, "அப்போ நான் வீடு வீடா கரெக்டா போறதுக்கு நீ படிக்கறது தான் காரணமா"ன்னு கேட்டு அனுப்புனாரு. அந்த நோட்ட மட்டும் தனியா சேவ் பண்ணி வச்சிருக்கேன். 2010-ல அமெரிக்காவுல அணு கடிகாரம் ஒண்ண வெறும் 33 சென்டிமீட்டர் மேல தூக்கி வச்சு அது வேகமா ஓடறத அளந்துருக்காங்க. 33 சென்டிமீட்டர், எங்க ஹாஸ்டல் கட்டில் உயரம் கூட இல்ல! பெரிய உயரம் வேண்டாம், கொஞ்சம் மேல கீழ இருந்தாலே ரெண்டு பேரோட நேரம் ஒண்ணா ஓடாது. இதப் படிச்ச அன்னிக்கு அம்மாவுக்கு ஃபோன் போட்டு சும்மா பேசிகிட்டே இருந்தேன்.

அம்மாவப் பத்தியும் எழுதணும். அப்பா போனப்போ அம்மாவுக்கு 26 வயசு. என்ன ஒரு கையில, தம்பிய இடுப்புல. ரேஷன் கடை, பள்ளிக்கூட பேரன்ட்ஸ் மீட்டிங், ஆச்சியோட ஆஸ்பத்திரி, வீடு கட்டுனப்போ கொத்தனார்கிட்ட சண்டை, எல்லாம் ஒத்த ஆளா. சயின்ஸ் ஃபிக்ஷன் படங்கள்ல பெரும்பாலும் கேமரா போறவங்க கூடயே போயிரும், ராக்கெட்டு, விண்வெளி, பெரிய பெரிய அலை. இருக்கறவங்களுக்கு வாசல்ல நின்னு கை காட்டறதோட சரி. இன்டர்ஸ்டெல்லார் எனக்குப் புடிக்கறதுக்கு முக்கியக் காரணமே, அந்த மக வளந்து, கோவப்பட்டு, பதில் சொல்லாம இருந்து, கடைசில கணக்க முடிக்கறதும் அவளா தான் இருக்கா. இருந்தவளுக்கும் கதைல சமமா எடம் குடுத்துருக்காங்க.

இப்போ பக்கத்துல உக்காந்திருந்தவன் விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு பேரும் யூஜில இருந்தே ஒண்ணா தான் படிக்கறோம், ஒரே லேப் பேட்ச். அவன் ஜெர்மனில பிஎச்டிக்கு அப்ளை பண்ணிருக்கான், ஒரு இடத்துல இன்டர்வியூவும் நல்லா போயிருக்கு. படம் பாத்துட்டு வர்ற வழியில, கேன்டீன் பக்கத்துல வேப்பமரத்தடியில நின்னு, நாலு வருஷம் தான், வெயிட் பண்ணுவியான்னு கேட்டான். நல்லவன், மனசார தான் கேட்டான். எனக்கு பதில் சொல்ல வரல. ரூமுக்கு வந்துட்டேன்.

அவன் விஞ்ஞானி சந்திரசேகர் கதைய சொல்லி தான் என்ன சமாதானப்படுத்த பாத்தான். பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு முடிச்சுட்டு 1930-ல, பத்தொம்போது வயசுல கப்பல் ஏறி, இங்கிலாந்துக்குப் போற வழியிலயே வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களுக்கு, அதாவது எரிஞ்சு முடிஞ்சு சுருங்கிப் போன நட்சத்திரங்களுக்கு, ஒரு எடை எல்லை இருக்குன்னு கணக்குப் போட்டாரு, இன்னிக்குக் கணக்குப்படி அது சூரியன மாதிரி சுமார் 1.4 மடங்கு. அதத் தாண்டுனா நட்சத்திரம் அப்படி அடங்கி நிக்க முடியாது, பிளாக் ஹோலுக்கான கதவே அங்க தான் தெறக்குது. 1983-ல நோபல். எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அவர் கல்யாணம் பண்ணிகிட்ட லலிதாவும் அதே பிரசிடென்சில ஃபிசிக்ஸ் படிச்சவங்க தான், அவங்க கல்யாணம் 1936-ல. நடுவுல ஆறு வருஷம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தங்க, ஒரு கடிதம் போய் பதில் வரணும்னா வாரக்கணக்காகும். கப்பல் கதைய எல்லா மேடைலயும் சொல்றாங்க, இந்தப் பக்கம் ஓடுன அந்த ஆறு வருஷத்த யாரும் சொல்லி நான் கேக்கல. அந்தப் படத்த யாராவது எடுத்தா முதல் நாள் முதல் ஷோ போயிருவேன்.

நேத்து சாயங்காலம் லேப்ல அவன்கிட்ட சொல்லிட்டேன். வெயிட் பண்றேங்கற வார்த்தைய என்னால சொல்ல முடியாது, அத எங்கம்மா பதினாறு வருஷமா சொல்லிட்டாங்க, எங்க வீட்டுப் பங்கு தீந்துருச்சு. நானும் அப்ளை பண்றேன், கிடைச்சா அங்க, இல்லன்னா இங்கயே ஏதாவது ஆராய்ச்சி நிறுவனத்துல, என் வேலைய நான் பாத்துகிட்டு இருப்பேன், அதுக்கு நடுவுல நீயும் இருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம ஆசிலோஸ்கோப்ப பாத்துகிட்டே நின்னான். அப்பறம் அப்ளிகேஷனோட வைக்கற உன் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ் எழுதிட்டியா, குடு பாக்குறேன்னான். இன்னும் எழுதல. இன்னிக்கு எழுதணும்.

அப்பா அடுத்த மாசம் வர்றாரு. இந்த தடவ திரும்பிப் போகலன்னு சொல்லிருக்காரு, இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ சொன்னாரு, அம்மா நம்பாத மாதிரியே பேசிகிட்டு மாடி ரூமுக்கு வெள்ளை அடிக்க ஆள் விட்டுருக்காங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் நோட் வந்துச்சு. கடையில நிக்கிறாரு போல, பின்னாடி அரபில யாரோ பேசறாங்க. "பாப்பா, சுடிதார் எடுக்கறேன். அளவு சொல்லு. தோள்பட்டையில இருந்து சொல்லு."

ரூம்மேட்ட எழுப்பி இஞ்ச் டேப்ப வாங்கி, அவளையே அளக்கச் சொல்லி, தோள், உயரம், கை நீளம் எல்லாத்தையும் உடனே சொல்லி அனுப்பிட்டேன்.