எனக்கா, ஒங்களுக்கா?

எங்கள் ஆய்வுக்காக, இன்சுலின் ஏற்றிச் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கிப் பார்த்த சோதனையில் கெட்டது எதுவும் நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கியது, ரத்தம் எடுத்தோம், குளுக்கோஸ் ஏற்றினோம், அந்த அக்கா இட்லி சாப்பிட்டுவிட்டு மதிய பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். ஆய்வுக் கோப்பில் அன்றைய பக்கத்தில் "பாதகமான நிகழ்வு: இல்லை" என்று எழுதியிருப்பதும் என் கையெழுத்துதான். ஆனால் ஊசி போடுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் இன்னும் மனசில் உட்கார மாட்டேன் என்கின்றன.

"தங்கச்சி, இந்த டெஸ்ட் எனக்கா, ஒங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்க்கா."

தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்ப் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போவதுதான் ஷீஹான் நோய். அந்த நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவர் கதை புதிதில்லை. கடைசிப் பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் ரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்திருக்கிறார்கள். பால் சுரக்கவேயில்லை. மாதவிலக்கும் திரும்ப வரவில்லை; சீக்கிரமே நின்றுவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மூளைக்கு அடியில் இருந்து மற்ற சுரப்பிகளுக்கு உத்தரவு போடுகிற பிட்யூட்டரி கர்ப்பக் காலத்தில் பருத்துவிடும், ஆனால் அதற்கு ஏற்ற அளவு ரத்த ஓட்டம் அதிகரிக்காது. அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்தால் சுரப்பி கருகிப்போகும். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போகிறான். இடைப்பட்ட காலம் முழுக்க அசதி, குளிர் தாங்காமை, அவ்வப்போது வாந்தியும் மயக்கமும். "உப்புச்சத்து குறைஞ்சிருக்கு" என்று பாட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். தைராய்டும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி அனுப்புகிற டி.எஸ்.எச். மட்டும். அது நார்மல். உத்தரவு போடுகிற பிட்யூட்டரியே படுத்துவிட்டால் டி.எஸ்.எச். எப்படி ஏறும்? எங்களிடம் வந்தபோது தைராய்டு சுரக்கிற ஃப்ரீ டி4 தரையில் இருந்தது, உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவுகிற கார்ட்டிசால் ஹார்மோன் காலை எட்டு மணிக்கு மூன்றைக்கூடத் தொடவில்லை. எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி இருக்கவேண்டிய குழி ஏறக்குறைய காலி.

முதலில் கார்ட்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன், அது உடம்பில் நின்ற பிறகு தைராய்டுக்கான தைராக்சின். வரிசை மாறினால் ஆபத்து. தைராக்சின் உள்ளே போனதும் இருக்கிற கொஞ்சநஞ்ச கார்ட்டிசாலும் வேகமாகக் கரைந்து, ஆளையே சாய்த்துவிடும். இந்த வரிசையைப் பிசகாமல் செய்தோம். ரெண்டு மாதத்தில் ஆள் எழுந்து நடமாட ஆரம்பித்தார். இதில் பாதிச் செலவு ஆய்வுப் பணம். ஸ்கேன், ஹார்மோன் சோதனைகள் எல்லாம் இலவசம். அதனால் "ரெண்டு பேருக்கும்" என்று நான் சொன்னது பொய்யில்லை என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவர் கேட்டது மொத்த ஆய்வைப் பற்றியில்லை. அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு படுக்கவைத்திருந்த அந்த ஒரு சோதனையைப் பற்றி. அது வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க. மூன்று, அதற்கு மேற்பட்ட பிட்யூட்டரி ஹார்மோன்கள் இல்லாதவருக்கு, வளர்ச்சி ஹார்மோனின் அளவைக் காட்டுகிற ஐ.ஜி.எஃப்-1 என்ற ரத்தச் சோதனையும் குறைவாக இருந்தால், வளர்ச்சி ஹார்மோனும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம், தூண்டிப் பார்த்தே ஆகவேண்டும் என்றில்லை. அமெரிக்க எண்டோக்ரைன் சொசைட்டியின் 2011 வழிகாட்டியே அதைத்தான் சொல்கிறது. சரி, இல்லை என்று உறுதியானால் அந்த ஹார்மோனை ஊசியாகத் தருவோமா? எங்கள் மருந்தகத்தில் கிடையாது. வெளியில் வாங்கினால் மாதம் ஆயிரக்கணக்கில் ஆகும், அதுவும் தினசரி ஊசி. ஆகவே முடிவு எதுவாக வந்தாலும் அவர் மாத்திரைச் சீட்டில் ஒரு எழுத்தும் மாறப்போவதில்லை. ஆனால் ஆய்வுக்காக, எல்லா நோயாளிக்கும் ஒரே முறையில் அளந்த எண் எங்களுக்கு வேண்டியிருந்தது.

சோதனையைப் பார்க்காதவர்களுக்காக: எடைக்குக் கணக்குப் போட்டு இன்சுலின் ஏற்றி, சர்க்கரையை 40-க்குக் கீழே இறக்கி, அந்த அதிர்ச்சியில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கவேண்டும். கார்ட்டிசால் இல்லாத உடம்பு என்பதால் அளவைக் குறைத்துத்தான் போடுவோம். அப்படியும் சடசடவென்று இறங்கும். ஒரு கையில் கேனுலா, தலைமாட்டில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், உடைத்துத் தயாராக, பக்கத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, டாக்டர் நகரக்கூடாது. அவருக்கு முதலில் மேலுதட்டில் வியர்த்தது. அப்புறம் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "பசிக்குது" என்றார். கொஞ்சம் கழித்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "சின்னவன் பால் கேட்டப்பகூட இப்பிடித்தான் இருந்துச்சு" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. குளுக்கோமீட்டரில் 34. ரத்த மாதிரி எடுத்தபிறகுதான் டெக்ஸ்ட்ரோஸ். அந்த இடைவெளி ஒரு நிமிடம்கூட இருக்காது.

மூத்த மருத்துவரிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கன்சென்ட் ஃபாரம்ல எல்லாம் இருக்கேம்மா. நேரடிப் பலன் இல்லேன்னு மூணாம் பக்கத்துல போட்டிருக்கு, நீதானே படிச்சுக் காட்டினே?" ஆமாம், நான்தான் படித்துக் காட்டினேன். எழுத்துத் தமிழில் இருந்ததைப் பேச்சுத் தமிழில் மாற்றியும் சொன்னேன். கையெழுத்து போட்டார். மருந்துச் சோதனைகளுக்கான இந்திய அரசின் 2019 விதிகள் கேட்கிற, சம்மதம் வாங்குவதன் வீடியோ பதிவு புதிய மருந்துச் சோதனைகளுக்குத்தான், எங்கள் ஆய்வுக்கு அது பொருந்தாது. பொருந்தியிருந்தாலும் கேமரா கையெழுத்து போடும் நாளைத்தான் எடுத்திருக்கும். அவர் கேள்வி கேட்டது கட்டிலில்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த நோயை ஹரால்ட் ஷீஹான் 1937-ல் எழுதியது கிளாஸ்கோவில் பிரசவத்தில் இறந்துபோன பெண்களைப் பிணப்பரிசோதனை செய்து. பிரசவ மருத்துவம் முன்னேறியபிறகு மேற்கு நாடுகளில் இது அரிதாகிவிட்டது, அவர்கள் ஏன் ஆராயப்போகிறார்கள்? 2005-ல் காஷ்மீரிலிருந்து வந்த ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்ட, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு மூன்று பேரளவில் இது இருப்பதாகக் கண்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வீட்டுப் பிரசவம். "நம்ம பொம்பளைங்களுக்கு வர்ற நோயை நாமதான் அளக்கணும்." சரிதான். யார் கையில் ஊசி ஏற்றி அளப்பது என்பதில்தான் என் மனசு நிற்கிறது. அதைச் சொன்னால் ஆய்வே வேண்டாம் என்கிற மாதிரி ஆகிவிடுகிறது, நான் அப்படி நினைக்கிறவளும் இல்லை. சம்பளமும் அந்த ஆய்விலிருந்துதான்.

அடுத்த முறை வந்தபோது ரிசல்ட்டைச் சொன்னோம். வளர்ச்சி ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லை, மிச்சமிருக்கிற அசதி அதனால்தான் இருக்கும், மருந்து விலை அதிகம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த அக்கா கூட வந்த கணவரைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களா? நான் சோம்பேறி இல்லையாம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்படியானால் சோதனை அவருக்கும்தானே? ஐ.ஜி.எஃப்-1 ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டே இதைச் சொல்லியிருக்கலாமே என்று அன்று இரவே இன்னொரு புத்தி சொன்னது. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒரு காகித எண்ணைக் காட்டி நாங்கள் அதைச் சொல்ல மெனக்கெட்டிருப்போமா? ஓ.பி. வரிசை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அதற்குப் பிறகு வந்த ஒரு பெண்ணிடம் வெளிப்படையாகச் சொல்லிப் பார்த்தேன். "இது உங்க வைத்தியத்துக்கு இல்லம்மா, எங்க ஆராய்ச்சிக்கு. வேண்டாம்னா வேண்டாம், மருந்து எப்பவும்போல கிடைக்கும்." வேண்டாம் என்றார். நல்லது என்றுதான் நினைத்தேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவர் அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரவில்லை. ஹைட்ரோகார்ட்டிசோனைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் போன் மேல் போன் போட்டேன். கடைசியில் மாமியார் எடுத்தார். "டெஸ்டு வேணாம்னு சொல்லிட்டோம்ல, டாக்டர் கோவமா இருப்பாருன்னு வரல." மாத்திரை தீர இரண்டு நாள்தான் இருந்தது. மறுநாள் வந்து வாங்கிப் போனார்கள்.

இப்போது புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், எனக்குக் கீழே. மூன்று ஹார்மோன் இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையை விட்டுவிடலாம் என்று ஆய்வுத் திட்டத்துக்குத் திருத்தம் ஒன்று எழுதிக் கொடுத்தேன், ஆய்வுக்கான எண்ணிக்கை குறையும் என்று அது முடிவாகாமல் மேசையிலேயே கிடக்கிறது. போன வாரம் அவள் கேட்டாள்: "அக்கா, பேஷன்ட் இது யாருக்குன்னு கேட்டா என்ன சொல்ல?" கேனுலாவை டேப் போட்டு ஒட்டிக்கொண்டே, டாக்டரைக் கூப்பிடு என்றேன். அவர் "ரெண்டு பேருக்கும்" என்றுதான் சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.