மூணாவது பக்கத்துல இருந்த வரி

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில கம்ப்ளைண்ட் டீம்ல இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. கிளைம் ரிஜெக்ட் ஆனவங்க, பணம் லேட்டானவங்க, ஏன் இவ்வளவு பிடிச்சீங்கன்னு கேக்கறவங்க, எல்லாரோட மெயிலும் லெட்டரும் எங்ககிட்டதான் வரும். முன்னாடியெல்லாம் ஒரு நாளைக்கு 15 ஃபைல் முடிச்சாலே பெரிய விஷயம், ஏன்னா கோவத்துலயும் அழுகையிலயும் எழுதறவங்க வரிசையா எழுத மாட்டாங்க, நாலு பக்கம் இருக்கும், விஷயம் எங்கயோ நடுவுல ஒளிஞ்சிருக்கும், நாமதான் தேடி எடுக்கணும்.

2022 நவம்பர் கடைசியில சாட்ஜிபிடி வந்தப்ப எங்க டீம்ல யாரும் பெருசா கண்டுக்கல. அடுத்த வருஷம் ஆளாளுக்கு யூஸ் பண்ண ஆரம்பிச்சோம், அப்புறம் கம்பெனியே ஒரு டூல் வாங்கி சிஸ்டம்ல சேத்துட்டாங்க. லெட்டர் உள்ள வந்ததுமே அஞ்சு வரியில சுருக்கம் வந்துடும், கீழ பதில் டிராஃப்டும் ரெடியா இருக்கும். அது நிஜமாவே உதவுச்சு, அதை நான் மறைக்க மாட்டேன். சாயந்திரம் ஆறு மணிக்கு களைச்சுப் போய் நான் எழுதற பதில்ல ஒரு எரிச்சல் தெரியும், டூல் எழுதறதுல அது இருக்காது. எங்க டீம்ல ஒருத்தருக்கு பாலிசி கண்டிஷன் எல்லாம் மனப்பாடம், ஆனா லெட்டர் எழுத வராது, வருஷக்கணக்கா அவரோட டிராஃப்ட் திருத்தத்துக்குத் திரும்பி வந்துட்டே இருக்கும். இப்ப அவர் பாயிண்ட்டை மட்டும் சொல்றார், டூல் எழுதிக் கொடுக்குது, முதல் தடவையிலயே பாஸ் ஆகுது. அவர் முகத்துல அந்த நிம்மதியைப் பாத்தவன் நான், அதனால ஏஐயே வேண்டாம்னு யாராவது சொன்னா என்னால ஒத்துக்க முடியாது.

ஆனா ஒரு லெட்டர் என்னைத் தூங்க விடல. கணவர் ஹாஸ்பிடல்ல இறந்துட்டார், பில்லுக்கான கிளைம் டாக்குமெண்ட் குறையுதுன்னு ரிஜெக்ட் ஆகியிருக்கு, மனைவி எழுதியிருக்காங்க. டூல் கொடுத்த சுருக்கம் சுத்தமா இருந்துச்சு, டிராஃப்டும் மரியாதையா இருந்துச்சு, ஆழ்ந்த அனுதாபம்னு ஆரம்பிச்சு, டிஸ்சார்ஜ் சம்மரி அனுப்பினா கிளைமைத் திரும்பப் பாக்கறோம்னு முடிஞ்சுது. நான் அனுப்பிட்டேன். பத்து நாள் கழிச்சு அவங்ககிட்டேருந்து ஒரே ஒரு வரி வந்துச்சு: "அவர் டிஸ்சார்ஜ் ஆகவே இல்லைன்னு மூணாவது பக்கத்துல எழுதியிருந்தேனே."

அப்பதான் முழு லெட்டரைத் திறந்தேன். அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியல, ஹாஸ்பிடல்ல டெத் சம்மரிதான் கொடுத்தாங்க, அதை ரெண்டு தடவை அனுப்பியாச்சுன்னு தெளிவா இருந்துச்சு. இந்த மாதிரி மாடல் எல்லாம் அடுத்து என்ன வார்த்தை வர வாய்ப்பு அதிகம்னு கணிச்சு எழுதறது, வழக்கமா டாக்குமெண்ட் குறைஞ்சா கேக்கறது டிஸ்சார்ஜ் சம்மரிதான், அதனால வழக்கமானதை எழுதிடுச்சுன்னு நினைக்கிறேன். ஆனா கம்ப்ளைண்ட்னு ஒருத்தர் எழுதறதே வழக்கத்துக்கு மாறா ஏதோ நடந்ததாலதானே. படிச்சிருந்தாலும் நானும் தவற விட்டிருக்கலாம்தான், ஆனா கவனம் தப்பறது வேற, பக்கத்தைத் திருப்பவே இல்லைங்கறது வேற.

போன் பண்ணேன். மன்னிப்பு கேட்டுட்டு, "எங்க சிஸ்டம்ல..."ன்னு ஆரம்பிச்சேன், அவங்க நடுவுல நிறுத்தி, "நீங்க படிச்சீங்களா இல்லையா சார்?"னு கேட்டாங்க. இல்லைங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்.

ஏர் கனடாங்கற விமான கம்பெனி மேல போட்ட கேஸ் அப்பதான் ஞாபகம் வந்துச்சு. பாட்டி இறந்ததுக்காக ஊருக்குப் போற ஒருத்தர்கிட்ட அவங்க வெப்சைட் சாட்பாட், இப்ப டிக்கெட் எடுத்துட்டு 90 நாளுக்குள்ள சலுகைக்கு அப்ளை பண்ணலாம்னு தப்பா சொல்லிடுச்சு, கேஸ் போனப்ப கம்பெனி, சாட்பாட் தனி, அது சொன்னதுக்கு அதுவே பொறுப்புங்கற மாதிரி வாதாடுச்சு. 2024 பிப்ரவரில கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண ட்ரிப்யூனல் அதை ஏத்துக்கல, வெப்சைட்ல இருக்கற எல்லாத்துக்கும் கம்பெனிதான் பொறுப்புன்னு சொல்லி பணம் கொடுக்க வெச்சுது. அந்தச் செய்தியைப் படிச்சப்ப எப்படி இப்படி வாதாட மனசு வருதுன்னு நினைச்சவன், போன்ல நானும் அதே வாசல்லதான் நின்னேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். கம்பெனி டூல் வர்றதுக்கு முன்னாடி, பேரு, வியாதி, பாலிசி நம்பரோட லெட்டரை அப்படியே வெளியில இருக்கற டூல்ல பேஸ்ட் பண்ணியிருக்கேன். 2023-ல சாம்சங் இன்ஜினியர்கள் கம்பெனியோட சாஃப்ட்வேர் கோடை சாட்ஜிபிடில போட்டு, அதுக்கப்புறம் கம்பெனி அந்த மாதிரி டூலுக்கே தடை போட்டாங்க, அது கோடு. நான் போட்டது ஒருத்தரோட கேன்சர். அவங்ககிட்ட யாரும் கேக்கல.

இப்ப எங்க டார்கெட் 40 ஃபைல். மிச்சமான நேரம் எங்களுக்கும் வரல, எழுதினவங்களுக்கும் போகல, நேரா டார்கெட்டுக்குள்ள போயிடுச்சு. எட்டு மணி நேரத்தை 40-ஆல வகுத்தா ஒரு ஃபைலுக்கு 12 நிமிஷம், போன், என்ட்ரி எல்லாம் அதுக்குள்ள, இதுல நாலு பக்க லெட்டரை யார் படிக்கறது? ஒவ்வொரு பதிலையும் ஒரு ஊழியர் சரிபார்க்கிறார்னு கம்பெனியோட விதிமுறை பேப்பர்ல இருக்கு, அந்த ஊழியர் நான்தான், என்னால முடியல. புதுசா சேந்த பொண்ணு மூணு மாசம் கழிச்சு என்கிட்ட வந்து, "முழு லெட்டர் எந்த டேப்ல இருக்குண்ணா?"ன்னு கேட்டா. அவ மேல தப்பே இல்ல, நாங்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே சுருக்கம் வர்ற ஸ்க்ரீனைத்தான். நான் இந்த வேலையைக் கத்துக்கிட்டது அந்த நாலு பக்கங்களைப் படிச்சுப் படிச்சு. அவ எங்க கத்துப்பா?

இப்ப நான் லெட்டரை முதல்ல படிக்கறேன், அப்புறம்தான் சுருக்கத்தைத் திறக்கறேன், இறப்பு சம்பந்தமான ஃபைல்ல டிராஃப்டைத் தொடறதே இல்ல. ஒரு நாளைக்கு 26, 27 முடியுது. காலையில அரை மணி நேரம் அந்தப் பொண்ணும் நானும் சேந்து ரெண்டு லெட்டர் முழுசா படிக்கறோம். இறப்பு கேஸை மட்டும் டார்கெட் கணக்குல சேக்காதீங்கன்னு மேனேஜருக்கு மெயில் போட்டிருக்கேன், நேர்ல கேட்டப்ப, "மேல பேசறேன்பா"ன்னார். இன்னும் பதில் வரல, திங்கக்கிழமை மீட்டிங்ல திரும்ப கேக்கப் போறேன், அந்த லெட்டரோட மூணாவது பக்கத்தை, பேரை மறைச்சு பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன்.