சித்திரை வெயிலில் வீட்டுக்குள் பூ

கண்ணாடி ஜாடியில் நீளக் காம்போடு பூவை நிற்க வைப்பது மதுரை வெயிலுக்குச் சரிப்படாது. பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. கோயம்புத்தூரில் என் நாத்தனார் வீட்டு ஏசி அறையில் ஓசூர் ஜெர்பரா நாள் கணக்கில் நிமிர்ந்து நிற்கிறது. இங்கே புதூரில், மேற்குப் பார்த்த எங்கள் ஹாலில், காலையில் வைத்த ஜெர்பரா மதியச் சாப்பாட்டுக்குள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிடும். சூட்டில் ஜாடித் தண்ணீர் சீக்கிரம் கெட்டு வழவழப்பு ஏறுகிறது, கிருமி பெருகித் தண்டின் வாய் அடைத்துக்கொள்கிறது, அப்புறம் தண்ணீர் மேலே ஏறுவதில்லை. தினமும் தண்ணீர் மாற்றி, காம்பின் நுனியைச் சாய்வாக நறுக்கினால் கொஞ்சம் தாங்கும். கொடுத்த காசுக்கு இத்தனை சேவகம் வேறா!

நம் பூக்களுக்குக் காம்பே கிடையாது, அதையும் யோசிக்க வேண்டும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கி, அரளி எல்லாம் உதிரியாகத்தான் குவிந்து கிடக்கும். தொடுக்கலாம், தூவலாம், மிதக்க விடலாம். நிற்க வைக்க முடியாது. அதனால் கோடையில் என் அலங்காரம் எல்லாம் தாழ்வாக, தண்ணீர் பக்கமாகவே இருக்கும். உருளி, மண்பானை, வாழைமட்டை, நிறைய பச்சை இலை. பூ கொஞ்சம் போதும்.

மல்லிக்குத்தான் இந்தப் பருவத்தில் முதல் இடம். தை மாசத்தில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லிவிட்டு நம் முகத்தைக்கூடப் பார்க்காத வியாபாரி, வைகாசியில் "எடுத்துக்கிட்டுப் போங்கக்கா, ஒரு கை கூடப் போடுறேன்" என்பார். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ என்றாலும் வரத்து கூடினால் விலை இறங்கத்தானே செய்யும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பலரும் மல்லியை உருளியில் கொட்டி மிதக்க விடுகிறார்கள். அது வேண்டாம். இதழ் தண்ணீரில் ஊறிப் பழுப்பேறிவிடும்.

மல்லிக்குத் தோதான இடம் குடிதண்ணீர்ப் பானையின் கழுத்து. மண்பானையில் தண்ணீர் சுவர் வழியே கசிந்து ஆவியாகிக்கொண்டே இருப்பதால் வெளிப்புறம் எப்போதும் சில்லென்று ஈரமாக இருக்கும். விடியுமுன் பறித்த மொட்டாகப் பார்த்து வாங்கி, வாழைநாரில் கொஞ்சம் நெருக்கமாகக் கட்டி, மத்தியானம் பானைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி விடுவேன். நார் தளர்வாக இருந்தால் சரம் பானையின் வயிற்றுக்குச் சரிந்துவிடும், அதனால் முடிச்சைப் பின்பக்கம் இறுக்கிப் போட வேண்டும். நாலு மணி வரை பச்சை கலந்த வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மொட்டு நெகிழத் தொடங்கும். யார் தண்ணீர் மொள்ளப் போனாலும் ஒரு நிமிஷம் அங்கேயே நிற்கிறார்கள். என் பேரன் மட்டும் ஃப்ரிஜ் தண்ணீர்தான் குடிப்பேன் என்கிறான்.

உருளிக்கு வருவோம். முக்கால்வாசி தண்ணீர், விளிம்பைச் சுற்றி மாவிலை அல்லது குரோட்டன்ஸ் இலை, நடுவில் கொத்துக் கொத்தாக இட்லிப்பூ. விருட்சி என்று சொல்லுவார்களே, அதுதான். கோடையில் அது பூத்துக் குலுங்கும், கொத்தாகவே மிதக்கும், எளிதில் வாடாது. சங்குப்பூ நிறத்துக்கு நாலு போடலாம், ஆனால் அன்றைக்கே சுருங்கிவிடும். செம்பருத்திக்குத் தண்ணீரே தேவையில்லை. ஒருநாள் பூ அது. தண்ணீரில் வைத்தாலும் மேஜையில் சும்மா வைத்தாலும் சாயங்காலம் வரைதான் விரிந்திருக்கும். காலையில் பறித்துச் சாப்பாட்டு மேஜையில் அப்படியே வைத்துவிடுவேன், வேலை மிச்சம்.

விசேஷ நாள் என்றால் உருளிக்குத் தாமரை. மொட்டாகத்தான் கிடைக்கும், பறித்த மொட்டு பெரும்பாலும் தானாக மலராது. மடித்துவிட வேண்டும். முதலில் மொட்டை உள்ளங்கையில் மெல்லத் தட்டினால் இதழ்கள் பிடி தளரும். வெளியிதழில் ஆரம்பித்து, ஒவ்வொன்றின் நுனியையும் உள்பக்கமாக மடக்கி, அந்த இதழின் அடியிலேயே செருகிவிட வேண்டும். சுற்றி வரச் செய்துவிட்டு அடுத்த அடுக்கு. உள்ளே மஞ்சள் பொகுட்டு தெரிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நகம் படக்கூடாது, பட்ட இடம் கறுத்துப் போகும். விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு மடித்தால் இதழ் கிழியாது.

உருளியில் அரளியை மட்டும் போடாதீர்கள். நிறம் பிரமாதம், விலையும் குறைவு, ஆனால் செடி முழுக்க விஷம். பூ கிடந்த தண்ணீரும் நல்லதில்லை. லீவுக்குக் குழந்தைகள் வந்திருக்கும் வீட்டில், பூனை வந்து நக்கிக் குடிக்கிற வீட்டில், தரையில் அரளித் தண்ணீர் எதற்கு? மாலையாகச் சாமி படத்துக்குப் போட்டால் போதும்.

இன்னொன்று, கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். இந்தச் சூட்டில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சியிலிருந்து டார்ச்சும் கையுமாக வருகிற பெண் நேரே உருளிக்குத்தான் போவார்.

"என்னக்கா, எப்ப மாத்துன தண்ணி?"

"காலையிலதாம்மா. வேணும்னா கை விட்டுப் பாரு, இன்னும் சில்லுனு இருக்கும்."

தினமும் மாற்றி, உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டால் முட்டையும் ஒட்டியிருக்காது. பித்தளையும் பளபளப்பாகும்.

காம்புள்ள பூ கிடைத்தால், உதாரணமாகத் தண்டோடு வரும் சம்பங்கி, கோழிக்கொண்டை, அவற்றுக்கு வாழைமட்டைதான். பூக்கடைக்காரர்கள் பொக்கேவுக்கு அடியில் வைக்கும் பச்சை ஃபோம் ஒருவகை பிளாஸ்டிக், மக்காது. குலை தள்ளி முடிந்த வாழைமரத்தை வெட்டிப் போடுகிற இடத்தில் கேட்டால் ஒரு துண்டு சும்மாவே தருவார்கள். அதன் அடுக்குகளில் கண்ணறை கண்ணறையாகத் தண்ணீர் நிற்கும். நாலு விரல் உயரத்துக்கு வட்டமாக நறுக்கித் தட்டில் வைத்து, கூரான குச்சியால் துளை போட்டு, தண்டைச் செருக வேண்டியதுதான். நடுவில் உயரமாகச் சம்பங்கி, சுற்றி மரிக்கொழுந்தும் துளசியும். மட்டை தெரியாமல் இலையால் மூடிவிடுங்கள். சம்பங்கி கீழிருந்து மேலே மலரும், அடியில் வாடியதைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் மேல் மொட்டுகளைப் பார்க்க முடியும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது, பழைய சேலை கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் கோடைக்கு ஒரு சண்டை உண்டு. எங்க வீட்டுக்காரர் மாம்பழக் கூடையை ஹால் மேஜையில்தான் வைப்பார், கண்ணில் பட வேண்டுமாம். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். அது பக்கத்துப் பழத்தையும் பழுக்க வைக்கும், பக்கத்துப் பூவையும் சீக்கிரம் வாடவும் உதிரவும் வைக்கும். ரோஜா, கார்னேஷன், ஆர்கிட் எல்லாம் இதற்குப் பயந்த பூக்கள். இமாம்பசந்தா சம்பங்கியா என்று வந்தால் எனக்கே கொஞ்சம் தடுமாற்றம்தான். இப்போதைக்குக் கூடை சமையலறைக்குப் போயிருக்கிறது.

செடிகள் விஷயத்தில் எனக்குப் பேராசை இல்லை. மணி பிளாண்ட் கொடியைக் கணுவுக்குக் கீழே நறுக்கிப் பழுப்பு நிறப் பாட்டிலில் போட்டிருக்கிறேன், வெள்ளைப் பாட்டிலென்றால் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். ஜன்னலோரம் மருள் செடி இருக்கிறது, ஸ்நேக் பிளாண்ட் என்பார்களே, அதுதான். இதை வாங்கும்போது நர்சரித் தம்பி, வீட்டுக் காற்றை எல்லாம் சுத்தம் பண்ணிவிடும் என்றார். 1989இல் நாசா செய்த சோதனையை வைத்துச் சொல்கிற பேச்சு அது. மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்த சோதனை. காற்று வந்து போகிற வீட்டில் அந்த அளவு பலன் கிடைக்க ஹால் முழுக்கக் காடு வளர்க்க வேண்டியிருக்கும். தண்ணீர் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது, அதற்காகவே எனக்கு மருள் பிடிக்கும்.

மாடியில் காகிதப்பூ. தண்ணீரைக் குறைத்தால் இன்னும் அதிகம் பூக்கும் செடி அது ஒன்றுதான் என்னிடம். நாம் பூ என்று நினைக்கும் ரோஸ் நிறம் பூவே இல்லை, அது இலைதான். நடுவில் குச்சியாக நிற்கிற வெள்ளைதான் பூ. உதிர்ந்ததைக் கூட்டி எடுத்து நிழலில் காயவைத்து ஓலைக் கொட்டானில் வைத்தால் வெகுநாள் நிறத்தோடு இருக்கும்.

மே மாசம் புதுச் செடி வாங்கப் போகாதீர்கள். நிழல்வலைக்கு அடியில் தளதளவென்று நிற்பதைப் பார்த்து மனசு கேட்காதுதான், ஆனால் அந்த நிழலை விட்டு நம் மாடிக்கு வந்தால் இலை கருகிவிடும். நர்சரித் தம்பியே என்னிடம், "ஆடிக்கு மேல வாங்கம்மா, ரெண்டு மழை விழட்டும்" என்று திருப்பி அனுப்பினார். நந்தியாவட்டைக்கு மட்டும் சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறேன், அடுக்கு வகை.